ஒன்றாம் தேதி பதிந்தவர்கள்

நான் ஓய்வு பெற்ற அன்று நம் சாப்ட்வேர் சோதனைப் பிரிவில் நீங்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாழ்த்து அட்டையில், "எல்லா விளக்கும் பச்சையாக எரிந்தாலும் ரிலீஸை நிறுத்தி வைக்கும் மேடத்துக்கு" என்று யாரோ எழுதியிருந்தீர்கள். அங்கே சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து இன்னொரு தடவை படித்தபோது சிரிப்பு வரவில்லை.

ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகச் சோதித்தாயிற்று, எல்லாம் தேறிப் பச்சை விளக்கு வந்துவிட்டது, பிறகு எதற்கு எல்லாவற்றையும் சேர்த்து நிஜமான தகவலை வைத்து ஒரு தடவை ஓட்ட வேண்டும் என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் நான் கத்தியிருக்கிறேன். ஒருத்தி அழுதுகொண்டே எழுந்து போனதும் நினைவிருக்கிறது. அந்தக் கோபம் உங்கள் மேல் வந்த கோபம் இல்லை. அது எங்கிருந்து வந்தது என்று வேலையில் இருந்தவரை சொல்லத் துணிச்சல் இல்லை. இப்போது சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் எனக்கு இருபத்து நான்கு வயது. திருநள்ளாற்றுப் பக்கம் எங்கள் ஊர். கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு, காரைக்காலில் ஒரு கல்விக் கழகத்தின் கிளை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கழகத்தின் பெயர் வேண்டாம். அது இப்போது இல்லை. புதுச்சேரியில் தலைமை அலுவலகம். கடலோரக் கிராமங்களிலும் வயல்பக்க ஊர்களிலும் சின்னச் சின்னப் பள்ளிகளாக நிறைய நடத்திக்கொண்டிருந்தார்கள்.

ஆசிரியர் பயிற்சி முடித்தவர்கள் அங்கே வந்து பெயர் பதிந்துவிட்டுப் போவார்கள். இடம் காலியாகும்போது, முதலில் பதிந்தவருக்கு முதலில் நேர்முகக் கார்டு அனுப்ப வேண்டும் என்பது விதி. நடப்பில் சிபாரிசுக்காரர்களுக்குத்தான் கார்டு போகும் என்று ஊரே பேசியது. அந்தப் பேச்சு தாங்காமல் கழகத் தலைவர் ஒரு கூட்டத்தில் அறிவித்தார்: "இனிமே மனுஷங்க கை படாது. கம்ப்யூட்டர்தான் லிஸ்ட் எடுக்கும்." கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனதாம்.

அந்தக் கம்ப்யூட்டர் வேலையைச் செய்தது இரண்டு பேர். பதிந்தவர்களின் விவரங்களை ஏற்றும் புரோகிராம் என்னுடையது, காரைக்காலில். அந்த விவரங்களை வாங்கி, பதிந்த தேதிப்படி வரிசைப்படுத்தி, கார்டு போக வேண்டியவர்களைப் பிரித்தெடுக்கும் புரோகிராம் தலைமை அலுவலகத்தில் இருந்த அதிகாரியுடையது. அவரை நான் சார் என்றுதான் கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

எனக்குத் தெரிந்த தொழிலை முழுக்கச் சொல்லிக் கொடுத்தவர் சார். மூன்று மாதம் புதுச்சேரியில் விடுதியில் தங்கிப் படித்தேன். "பொண்ணு கையில எதுக்குங்க அம்மாம் பெரிய மெஷின்?" என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டபோது, "அவ எழுதுற மாதிரி பத்து வரி நீங்க எழுதிக் காட்டுங்க, மெஷினை உங்க மேசையிலயே கொண்டாந்து வச்சிடறேன்" என்றார். அவர் சொன்னால் கிணற்றில்கூடக் குதித்திருப்பேன். நடந்ததை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டுமானால் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டு ஊர்க் கம்ப்யூட்டர்களையும் இணைக்கும் கம்பி எதுவும் கிடையாது. விவரங்களை பிளாப்பித் தட்டில் ஏற்றி, கைப்பையில் வைத்து, நான்தான் பஸ்ஸில் கொண்டுபோக வேண்டும். காரைக்கால் எல்லையைத் தாண்டி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று தமிழ்நாட்டுக்குள் போய், மறுபடி நம் எல்லைக்குள் நுழைவதற்குள் அரைநாள் போய்விடும்.

என் புரோகிராமை நான் ஒழுங்காகவே சோதித்தேன். நூறு பேரின் விவரத்தை ஏற்றி, அச்சடித்து, பழைய பதிவேட்டோடு ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டேன். பிழை இல்லை. சாரும் தன் புரோகிராமைச் சோதித்தார். தன் சொந்தக்காரர்கள் பெயரையே போட்டு, தேதிகளைத் தானே தட்டி, ஓட்டிப் பார்த்தார். பழைய தேதிக்காரர் மேலே, புதிய தேதிக்காரர் கீழே, அழகாக வந்தது.

நான் போனில் கேட்டேன்: "சார், நான் ஏத்துன தட்டு ஒண்ணைக் கொண்டாந்து உங்க புரோகிராம்ல ஓட்டிப் பாத்துடலாமா?"

அவர் சிரித்தார். "உன் பக்கம் பாஸ். என் பக்கம் பாஸ். நடுவுல என்ன இருக்கு? பஸ்ஸுதான் இருக்கு."

நானும் சிரித்தேன். தலைவர் நாள் குறித்துவிட்டார், நேரமும் இல்லை. இன்னொரு தடவை கேட்கலாம் என்று தோன்றியது. கேட்கவில்லை. போகவர ஒரு நாள் பஸ்ஸில் உட்கார வேண்டாமே என்று உள்ளுக்குள் நிம்மதியாகக்கூட இருந்தது. இதை உங்களிடம் மறைத்தால் மற்றதைச் சொல்வதில் அர்த்தமில்லை.

குறித்த நாளில் தட்டைக் கொண்டுபோனேன். தலைவர் வந்து பொத்தானை அழுத்தினார். இருபது இடத்துக்கு அறுபது பேர். பெயர்கள் அகர வரிசையில், முகவரியோடு அச்சாகி வந்தன. பதிந்த தேதி அந்தத் தாளில் கிடையாது. யாரும் கேட்கவும் இல்லை. போட்டோ எடுத்தார்கள். கார்டுகளைத் தபாலில் சேர்த்தோம். நேர்முகத்துக்குப் பத்து நாள் இருந்தது.

ஐந்தாம் நாள் காலையில் ஒருவர் கிளை அலுவலகத்துக்கு வந்தார். மெலிந்த ஆள். வேட்டி, முழங்கை வரை மடித்த சட்டை. சைக்கிளை வெளியே நிறுத்திவிட்டு வாசலிலேயே நின்றார்.

"உள்ள வரலாங்களா மேடம்?"

"வாங்க. உக்காருங்க. என்ன விஷயம்?"

"பேரு கலியபெருமாள்ங்க. திருவேட்டக்குடி. எழுபத்தெட்டுல இங்க பதிஞ்சேன். எனக்குக் கார்டு வரலீங்க. நாலு வருஷம் கழிச்சுப் பதிஞ்ச புள்ளைக்கு வந்திருக்குது. சண்டை போட வரலீங்க. வெவரம் தெரிஞ்சுக்கலாம்னுதான்."

மீன்பிடிக்கிற குடும்பம். வீட்டில் படித்தவர் அவர் ஒருவர்தான். எட்டு வருடமாகக் கார்டுக்குக் காத்திருந்தார். காலையில் மீன் ஏலத்தில் எடை எழுதுவார், சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பார். இதையெல்லாம் நான் கேட்டுக் கேட்டுத்தான் சொன்னார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு நோட்டுத் தாளை எடுத்து மேசைமேல் விரித்தார்.

"கார்டு வந்தவங்களைத் தேடிப்போயிப் பாத்தேங்க. கோட்டுச்சேரி, நிரவி, திருநள்ளாறு. பதினோரு பேரைப் பாத்துட்டேன். எல்லாரும் என்னிக்குப் பதிஞ்சாங்கன்னு கேட்டு எழுதியிருக்கேன். பாருங்க மேடம். ஒருத்தர்கூட ரெண்டாந்தேதிக்கு மேல இல்லீங்க. ஒரு வருஷம் இல்ல, ஒரு மாசம் இல்ல, எல்லாம் மாறி மாறி இருக்குது. தேதி மட்டும் ஒண்ணு, இல்லாட்டி ரெண்டு. நான் பதினெட்டாந்தேதிங்க. ஒண்ணாந்தேதி பதிஞ்சவங்களுக்குத்தான் முதல்லன்னு ஏதும் விதி போட்டிருக்கீங்களா?"

அப்படி ஒரு விதி இல்லை என்றேன். சொல்லிவிட்டு அந்தத் தேதிகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டேன்.

"எனக்கு முப்பத்தஞ்சு முடிய இன்னும் எட்டு மாசந்தாங்க இருக்குது. அதுக்கு மேல எடுக்க மாட்டாங்களாமே. அதனாலதான் கேக்குறேன்."

இரண்டு நாள் கழித்து வரச் சொல்லி அனுப்பினேன். கதவைச் சாத்திக்கொண்டு தட்டைத் திறந்து பார்த்தேன். பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. என் புரோகிராம் தேதியை, நாம் கையால் எழுதுகிற மாதிரி, நாள், மாதம், வருடம் என்ற வரிசையில் ஆறு இலக்கமாக எழுதியிருந்தது. சாருடைய புரோகிராம் வருடம்தான் முன்னால் வரும் என்று நம்பி, அந்த ஆறு இலக்கத்தைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கியது. அவர் தன் சொந்தக்காரர்களின் தேதியைத் தட்டும்போது வருடத்தை முன்னால் தட்டியிருந்தார். நான் அச்சடித்துப் பார்த்தபோது நாள் முன்னால் இருந்தது. அவருக்கு அவருடையது சரி. எனக்கு என்னுடையது சரி. சேர்த்து ஓட்டியபோது, எந்த வருடமானாலும் மாதத்தின் முதல் இரண்டு தேதிகளில் பதிந்தவர்கள் மேலே போய்விட்டார்கள்.

ஒரே ஒரு தட்டை ஒரே ஒரு தடவை முன்கூட்டி ஓட்டியிருந்தால் தெரிந்திருக்கும். நாங்கள் இரண்டு பேர் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்யாத சோதனையை, ஒரு மனிதர் மூன்று ஊருக்குச் சைக்கிள் மிதித்துச் செய்து முடித்திருந்தார்.

சாருக்கு டிரங்க் கால் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"கிளம்பி வா. யார்கிட்டயும் பேசாத."

மறுநாள் மதியம் அவர் அறையில் இருந்தேன். தேதியைத் திருப்பிப் போட்டு, பதிந்த வரிசையிலேயே சரியான பட்டியலை எடுத்தார். கார்டு போன அறுபது பேரில் நான்கு பேர்தான் அதில் இருந்தார்கள். ஆறாவது பெயர் கலியபெருமாள். சார் அந்தத் தாளை நான்காக மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"நேர்முகத்துக்கு இன்னும் நாலு நாள் இருக்கு சார். தந்தி குடுத்து நிறுத்திடலாம்" என்றேன்.

"நிறுத்திட்டு என்னன்னு சொல்றது? கம்ப்யூட்டர் தப்புப் பண்ணிடுச்சின்னா? தலைவர் ஊரையே கூட்டி வச்சுப் பேசியிருக்கார். நாளைக்கே மெஷினைத் தூக்கிக் கடாசிட்டு மறுபடி சிபாரிசுக்குப் போயிடுவாங்க. அதுதான் வேணுமா உனக்கு? நீயும் வீட்டுக்குப் போவ, நானும் போவேன். அது ஒரு பக்கம் இருக்கட்டும். நல்ல காரியம் ஒண்ணு ஆரம்பிச்சிருக்கோம், அது நின்னுபோயிடும்."

"அவருக்கு எட்டு மாசத்துல வயசு முடியுது சார்."

"ஆறு மாசத்துல அடுத்த லிஸ்ட் எடுத்துடலாம். நான் பாத்துக்கறேன். எட்டு வருஷம் காத்திருந்தவங்கதானேம்மா, இன்னும் ஆறு மாசம் காத்திருக்க மாட்டாங்களா?"

அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சொன்னதை அவர் உண்மையாகவே நம்பினார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். நானும் நம்ப ஆசைப்பட்டேன்.

மாடிப்படி இறங்கும் இடத்தில் கழகச் செயலாளரின் அறை. கதவு திறந்திருந்தது. அவர் தனியாக உட்கார்ந்து ஏதோ கடிதம் படித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "என்னம்மா, காரைக்காலா? ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார்.

"இல்ல சார், பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றேன்.

பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது.

சொன்ன நாளில் கலியபெருமாள் வந்தார். அவர் முகத்தைப் பார்க்காமல், மேசையில் இருந்த பேரேட்டைப் பார்த்துக்கொண்டே பேசினேன். "எல்லாம் சரிபாத்தாச்சுங்க. விதிப்படிதான் எடுத்திருக்காங்க. கம்ப்யூட்டர்ல தப்பு வராது."

சண்டை போடுவார், கத்துவார் என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் கொஞ்ச நேரம் அந்த நோட்டுத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கம்ப்யூட்டரே சொல்லுதுன்னா சரிதாங்க. நான் பதினோரு பேரைத்தானே பாத்தேன். எல்லாரையும் பாத்திருந்தா வேற மாதிரி இருந்திருக்கும். என் கணக்குதான் தப்பு."

கும்பிட்டுவிட்டுப் போனார்.

இருபது பேருக்கு வேலை கிடைத்தது. அவர்கள் மேல் எந்தக் குற்றமும் இல்லை. அவர்களில் நல்ல ஆசிரியர்கள் உண்டு. தங்கள் அதிர்ஷ்டம் பதிந்த தேதியில் இருந்தது என்பது அவர்கள் யாருக்கும் தெரியாது.

புரோகிராமை அந்த வாரமே திருத்திவிட்டோம். ஒரே வரி. திருத்தியதற்கு எந்தக் குறிப்பும் எழுதி வைக்கவில்லை. ஆறு மாதத்தில் வர வேண்டிய அடுத்த பட்டியல், தலைவருக்கு உடம்பு சரியில்லை, புதுக் கட்டடம் முடியவில்லை என்று தள்ளித் தள்ளிப் போனது. ஒவ்வொரு மாதமும் சாருக்குப் போன் போட்டுக் கேட்டேன். "வந்துடும்மா, வந்துடும்" என்பார். பத்தாவது மாதம் பட்டியல் வந்தது. வரிசை சரியாக இருந்தது. கலியபெருமாள் பெயரும் இருந்தது.

அவருக்கு வயது தாண்டி இரண்டு மாதம் ஆகியிருந்தது. எனக்கு அது நன்றாகத் தெரியும். வயதைப் பட்டியல் பார்க்காது. நேர்முகத்தில் சான்றிதழை வைத்துத்தான் பார்ப்பார்கள். இரண்டு மாதம்தானே, கவனிக்காமல் விட்டுவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அவருடைய கார்டைத் தபாலில் போட்டேன். உங்களில் சிலர் இதைக் கருணை என்று நினைக்கலாம். எனக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்த உரிமை இல்லை.

அந்தத் தடவை நேர்முகம் காரைக்கால் கிளையிலேயே நடந்தது. செயலாளரே வந்திருந்தார். பெயர்களைக் கூப்பிடுவது என் வேலை. கலியபெருமாள் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து உட்கார்ந்தார். பாடம் நடத்திக் காட்டச் சொன்னார்கள். பின்னத்தைக் கூட்டுவது எப்படி என்று, ஏலத்துக்கு வரும் மீன் கூடையைப் பங்கு போடுவதை வைத்துச் சொன்னார். அப்படி ஒரு பாடத்தை நான் கேட்டதில்லை. செயலாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சான்றிதழைப் புரட்டினார். விரல்விட்டு எண்ணினார்.

"வயசு தாண்டிடுச்சே தம்பி."

"ரெண்டு மாசந்தாங்க ஐயா."

"ரெண்டு நாள்னாலும் விதி விதிதானே." மறுபடி தாளைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. "எழுபத்தெட்டுல பதிஞ்சிருக்காரு. போன லிஸ்ட்லயே வந்திருக்கணுமே? ஏன் வரல?"

கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அறையில் இருந்த நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். கலியபெருமாளும் பார்த்தார். அந்த ஒரு கணத்தில் வாயைத் திறந்திருந்தால் அவருக்கு வேலை கிடைத்திருக்கும். தவறு கழகத்துடையது என்றால் வயதைத் தளர்த்த செயலாளருக்கு அதிகாரம் இருந்தது. அதுவும் எனக்குத் தெரியும்.

"தெரியல சார்" என்றேன்.

மதியம் எல்லோரும் உள்ளறையில் சாப்பிட உட்கார்ந்ததும் வெளியே வந்தேன். அவர் சைக்கிள் பக்கத்தில் நின்று, சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டிருந்தார். கிட்டப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தேதி மாறியது, புதுச்சேரிக்குப் போனது, அவர் கணக்குச் சரி என்று தெரிந்தே பொய் சொன்னது, எல்லாம். சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்தது. அவர் கண் கலங்கவில்லை.

"அப்ப என் கணக்கு சரிங்களா?"

"சரிங்க."

"இதை ஒரு பேப்பர்ல எழுதிக் குடுக்கறீங்களா மேடம்? அந்தப் பெரிய ஐயா இன்னும் உள்ளதான் இருக்காரு. கொண்டுபோயிக் காட்டுறேன்."

புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்றேன். அவர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். காத்திருந்து பழக்கப்பட்டவர்.

கடைசியில், "என் வேலை போயிடுங்க" என்றேன்.

அவர் சான்றிதழ் உறையைக் கேரியரில் வைத்துக் கயிற்றால் கட்டினார்.

"அப்ப எதுக்குங்க எங்கிட்ட சொன்னீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கயிற்றை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, ஏறி மிதித்துப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. தேடவும் இல்லை.

எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டிப் பார்க்காமல் எதையும் வெளியே விடாதீர்கள் என்பதை உங்களுக்குப் போதுமான அளவு கத்திச் சொல்லிவிட்டேன். இன்று அதற்குக் கருவிகள் இருக்கின்றன. ராத்திரியில் தானே ஓடிக் காலையில் சிவப்பு விளக்குக் காட்டுகின்றன. சிவப்பு தெரிந்த பிறகு என்ன செய்வது என்பதற்குத்தான் கருவி கிடையாது. தவறைத் திருத்தும் அதிகாரம் உள்ளவரிடம், திருத்த நேரம் இருக்கும்போதே, தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். உங்களுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவரே வேண்டாம் என்று தடுத்தாலும் கொடுங்கள். நாள் கடந்தபின் பாதிக்கப்பட்டவரைத் தனியாகக் கூப்பிட்டு அழுதால், அது நம் பாரத்தையும் அவர் தலையில் ஏற்றுவதுதான். நான் அதைத்தான் செய்தேன்.

அடுத்த ஆண்டு சென்னையில் ஒரு கம்பெனிக்கு விண்ணப்பித்தேன். சோதனைப் பிரிவு. முன்பு வேலை பார்த்த இடத்திலிருந்து நற்சான்று கேட்டார்கள். சார் தயங்காமல் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். "நேர்மையும் பொறுப்புணர்ச்சியும் மிக்கவர். எந்த நெருக்கடியிலும் நம்பலாம்" என்று அதில் இருந்தது. அதைக் கொண்டுபோய்க் காட்டித்தான் வேலையில் சேர்ந்தேன்.